தலையாட்டாத பொம்மைகள்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு தலையாட்டி பொம்மையாவது வாங்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். அடியில் களிமண் கனம் வைத்த ராஜா ராணி. எந்தப் பக்கம் தட்டிவிட்டாலும் ஆடி ஆடி மறுபடி நிமிர்ந்து வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நம் ஊரில் "நல்ல பிள்ளை" என்பதற்கு இருக்கும் இலக்கணமும் கிட்டத்தட்ட இந்தப் பொம்மைதான். சொன்னால் தலையாட்ட வேண்டும், வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

சரி, தலையாட்டாத பிள்ளையை என்ன செய்வது?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு நாலு வயது. அப்பா திருப்பூரில். அம்மா நடவு, களையெடுப்பு என்று கிடைக்கிற வேலைக்குப் போகிறார். பகலில் பையன் அப்பாயி பொறுப்பு. பால்வாடியில் டீச்சர் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் ஜன்னல் கம்பியில். ஒரு வாய் சோறு வாங்கிவிட்டு வாசலுக்கு ஓட்டம். சைக்கிள் பெல் கேட்டால் தெருவுக்கு ஓட்டம். பக்கத்துப் பிள்ளையின் கையில் எதையாவது பார்த்தால் அடுத்த நொடி பிடுங்கல், கடி, அழுகை. முதலில் "சுட்டிப் பையன்" என்று கொஞ்சினவர்கள் பிறகு "வாலு" என்கிறார்கள். அப்புறம் "அறுந்த வாலு". கடைசியில் "வளர்ப்பு சரியில்லை". கவனித்தீர்களா? முதல் மூன்றும் பையனைப் பற்றி. நாலாவது அம்மாவைப் பற்றி!

அந்த நாலாவது வார்த்தையில்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. ஏனென்றால் இந்த மாதிரிப் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது குறும்பு அல்ல, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் அழைக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டின் ஆரம்ப அறிகுறி. "சிலருக்கு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கவும். நாலு வயதுப் பிள்ளை ஓடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்! ஓடுவது நோய் அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, வீடு, பால்வாடி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிகிறதா, அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட ரொம்ப அதிகமா, அதனால் பிள்ளையின் அன்றாட வாழ்க்கை பாழாகிறதா என்று பல கேள்விகள் இருக்கின்றன. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொன்னதைக் கேட்காது. ரத்தசோகை உள்ள பிள்ளையும் தூக்கம் போதாத பிள்ளையும் எரிச்சலோடும் கவனமில்லாமலும் இருக்கும். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒரு மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்து, நாலு கோடு போட்ட நோட்டில் எழுதச்சொல்லி, எழுதவில்லை என்று டைரியில் குறிப்பு அனுப்பும் நர்சரி பள்ளிகளுக்கு அந்த உரிமை கிடையாது. பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளில், ஒரே வகுப்பில் வயதில் கடைக்குட்டியாக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் ஏ.டி.எச்.டி. முத்திரை அதிகம் குத்தப்படுகிறது என்று தெரிந்திருக்கிறது. பதினொரு மாதம் சின்னவன் பதினொரு மாதம் சின்னவனாக நடந்துகொண்டால் அது வியாதியா?

ஆனால் உண்மையிலேயே இருக்கிற பிள்ளையை "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதும் சரியல்ல. அதுவும் நம் ஊரில்.

ஏன் நம் ஊரில்? தண்ணீர். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்கள். கல்லணை தாண்டி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால் வரை தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் டெல்டாவில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. வீட்டுக் கொல்லையில் வாய்க்கால், தெருக்கோடியில் குளம், வயலுக்கு நடுவில் பம்புசெட் தொட்டி. யோசிக்காமல் ஓடுவதுதான் இந்தக் குறைபாட்டின் முக்கிய அடையாளம். மற்ற பிள்ளை கரையில் நின்று எட்டிப் பார்க்கும். இந்தப் பிள்ளை பார்ப்பதற்குள் இறங்கிவிடும். பட்டணத்து அபார்ட்மெண்டில் இதே பிள்ளை சோபாவை உடைக்கும். இங்கே கணக்கு வேறு. "நில்லு" என்ற ஒரே சொல்லுக்கு ஒரு பிள்ளை நிற்கப் பழகுவது இங்கே ஒழுக்கப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இது யார் தப்பு? யாருடையதும் இல்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், நல்ல அறிவிருந்தும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நடத்தினார். இவர்களில் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு என்பதை அவர் அப்போதே கவனித்தார். பிற்பாடு வந்த இரட்டைக் குழந்தைகள் பற்றிய ஆய்வுகள், இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை என்கின்றன. அதாவது கிட்டத்தட்ட உயரம் மாதிரி. "இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று அப்பாயி சொல்வதில் விஷயம் இருக்கிறது!

வளர்ப்பில் தப்பில்லை என்றால் பெற்றோருக்கு எதற்குப் பயிற்சி? நியாயமான கேள்வி. பதில் சுலபம். சின்னப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வந்தால் அம்மாதான் ஊசி போடக் கற்றுக்கொள்கிறார். வியாதி அம்மாவால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அன்றாடம் பக்கத்தில் இருப்பவர் அவர், அவ்வளவுதான். மருத்துவர் மாதத்துக்குப் பத்து நிமிஷம் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் வீடு.

இந்தப் பயிற்சியின் கதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. 1960களின் கடைசியில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர், பிள்ளைக்குச் சிகிச்சை கொடுப்பதை விட்டுவிட்டு அம்மாவைப் பிள்ளையோடு விளையாடவிட்டு, பார்த்துக்கொண்டிருந்து, உடனுக்குடன் சொல்லிக்கொடுத்தார். முதல் கட்டத்தில் பிள்ளை இழுத்த இழுப்புக்கு அம்மா விளையாட வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அம்மா சொல்வதைப் பிள்ளை கேட்கப் பழக வேண்டும். இன்று உலகம் முழுக்க வெவ்வேறு பெயர்களில் நடக்கும் பெற்றோர் பயிற்சிகளில் பலவற்றுக்குத் தாய்வேர் இந்த இரண்டு கட்டம்தான். அதே ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடுகளுக்குள்ளேயே ஆட்களை அனுப்பி, அம்மாவும் பிள்ளையும் நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன செய்கிறார்கள் என்று குறிக்கவைத்தார். அவர் கண்டுபிடித்ததை நம் பெட்டிக்கடை வாசலில் எந்த நாளும் பார்க்கலாம்.

பையன் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் கேட்கிறான். அம்மா "கிடையாது" என்கிறார். பையன் சிணுங்குகிறான். அம்மா குரலை உயர்த்துகிறார். பையன் மண்ணில் விழுந்து புரள்கிறான். கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். "இந்தா தொலை" என்று அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை நிற்கிறது. வரவு செலவு எழுதிப் பாருங்கள். பையனுக்குச் சிப்ஸ் லாபம். அம்மாவுக்கு நிம்மதி லாபம். இரண்டு பேருக்கும் லாபம் தரும் வியாபாரம் திரும்பத் திரும்ப நடக்கத்தானே செய்யும்? புரண்டால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்தால் நிற்கும் என்று அம்மா கற்றுக்கொண்டார். மறுநாள் அம்மா முதுகில் இரண்டு வைக்கிறார், அழுகை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்றும் கற்றுக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டு அடி போதாது, நாலு வேண்டியிருக்கிறது. விலைவாசி மாதிரி அடியும் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. எல்லா வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நடப்பதுதான். ஆனால் ஏ.டி.எச்.டி. சாயல் உள்ள பிள்ளையோடு இது ஒரு நாளைக்கு இருபது முறை நடக்கும். அம்மா களைத்துப்போவார்.

பயிற்சி இந்தச் சுழலைத்தான் அறுக்கப் பார்க்கிறது. முதலில் சொல்லித்தருவது கண்டிப்பு அல்ல, விளையாட்டு. தினம் பத்துப் பதினைந்து நிமிஷம், செல்போனை ஓரமாக வைத்துவிட்டு பிள்ளையோடு தரையில் உட்கார வேண்டும். என்ன விளையாட்டு என்பதை பிள்ளை முடிவு செய்யும். அந்த நேரத்தில் கட்டளை கிடையாது, "இது என்ன கலர்?" என்ற பரீட்சை கிடையாது, திருத்தம் கிடையாது. கிரிக்கெட் கமெண்டரி மாதிரி நடப்பதைச் சொன்னால் போதும். "தம்பி தேங்காய் மூடியில மண்ணு போடுறான்... இப்ப அதைக் கவுத்துறான்... அட, இட்லி!" கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்க "டேய்", "வேண்டாம்", "விடு", "அடி வாங்குவே" என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, தன்னை யாரோ வெறுமனே ஆசையாகப் பார்க்கிறார்கள் என்பது புது அனுபவம். அந்த உறவு முதலில் நிமிர்ந்தால்தான் பிறகு சொல்லும் சொல்லுக்கு எடை இருக்கும்.

அடுத்தது பாராட்டு. "சமத்து" என்று பொதுவாகச் சொல்வது போதாது. "கூப்பிட்ட உடனே வந்துட்டியே!" என்று எதற்காக என்று சொல்ல வேண்டும், அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது லேசில் வராது. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும் என்பார்கள், தலைக்கனம் ஏறிவிடும் என்பார்கள். (சுற்றிப் போடுவதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், பாராட்டை நிறுத்த வேண்டாம்.)

பிறகு கட்டளை. வாசலில் இருந்து அடுக்களைக்குக் கத்தும் "டேய், செருப்பைக் கழட்டு, கால் கழுவு, டம்ளரை எடு, அங்க போகாதே" என்ற சரவெடியில் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பக்கத்தில் போக வேண்டும். கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "கால் கழுவுறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்ற பதிலுக்கும் இடம் கொடுத்தாயிற்று. "கால் கழுவு" என்று சொல்லிவிட்டுச் சில நொடி சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம்! செய்தால் உடனே பாராட்டு. சிணுங்கல், முணுமுணுப்பு மாதிரி சின்ன விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். விட ஆரம்பித்த முதல் சில நாள் அது இன்னும் கூடும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா மூன்றாம் நாளே "இதெல்லாம் வேலைக்காவாது" என்று விட்டுவிடுவார். கடிப்பது, கல்லெறிவது, தண்ணிப் பக்கம் ஓடுவது என்று விட முடியாதவற்றுக்கு மட்டும் தனியே உட்காரவைப்பது. வயதுக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கில், நாலு வயதுக்கு நாலு நிமிஷம். கத்தாமல், அடிக்காமல்.

இதில் பரிசு, நட்சத்திரம், ஸ்டிக்கர் என்று ஒரு பகுதி உண்டு. "இது லஞ்சம் இல்லையா?" என்று கேட்பவர்கள் நிறைய. லஞ்சம் தப்புக் காரியத்துக்குக் கொடுப்பது. செய்த வேலைக்குக் கொடுப்பதன் பெயர் கூலி. நடவு ஆட்களுக்குக் கூலியை அன்றைக்குச் சாயந்திரமே கொடுத்துவிடுகிறார்கள், கம்பெனிக்காரர்களுக்கு மாதக் கடைசியில்தான் சம்பளம். இரண்டு பேரும் உழைக்கிறார்கள். ஆனால் மாதக் கடைசி வரை காத்திருக்க வசதியில்லாதவரிடம் "முப்பது நாள் கழித்துத் தருகிறேன்" என்றால் வேலைக்கு வரமாட்டார். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மனசு தினக்கூலி மனசு. காத்திருப்பதையே அவர்களால் தாங்க முடிவதில்லை என்பதை பிரிட்டனைச் சேர்ந்த எட்மண்ட் சோனுகா-பார்க் 1990களிலிருந்து எழுதிவருகிறார். "நல்லா இருந்தா தீபாவளிக்கு சைக்கிள்" என்பது நாலு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் இந்தப் பிள்ளைக்கு, செல்லாத செக். "இப்ப கால் கழுவினா இப்ப ஊஞ்சல்" என்பது ரொக்கம்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்ற பழமொழியை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடை செய்தது. வீட்டுக்குள் எந்தச் சட்டமும் போய் நிற்க முடியாது. ஆனால் அடியால் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? அடிக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யக்கூடாது என்பதை மட்டும். வாய்க்கால் கரையில் அடிக்கிறவர் பக்கத்தில் இருக்கமாட்டார். யசோதையே கண்ணனை உரலில் கட்டிப்போட்டுப் பார்த்தாள், உரலையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டு மரத்தைச் சாய்த்தான் என்பதுதானே கதை!

மாத்திரை கொடுத்தால் என்ன? பெரிய பிள்ளைகளுக்கு மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகள் கதை வேறு. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்தரை வயது வரையிலான பிள்ளைகளிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பெற்றோருக்குப் பத்து வாரப் பயிற்சி கொடுத்த பிறகுதான் மாத்திரைக்கே போனார்கள். மாத்திரை பயன் தந்தது, ஆனால் பெரிய பிள்ளைகளுக்குத் தந்த அளவுக்கு இல்லை. பக்கவிளைவு தாங்காமல் சுமார் 11 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011இலும் பிறகு 2019இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாலு, ஐந்து வயதில் முதல் சிகிச்சை பெற்றோர் பயிற்சி. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஐந்து வயதுக்குக் கீழே அதையேதான் சொல்கிறது. சொன்னபடி நடந்ததா? 2016இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் கணக்கெடுத்தபோது, சிகிச்சையில் இருந்த இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 75 சதவீதம் பேர் மாத்திரை வாங்கினார்கள், உளவியல் உதவி கிடைத்தது பாதிப் பேருக்குத்தான். காரணம் லேசானது. மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும். பயிற்சி கொடுக்கும் ஆள் கிடைக்கமாட்டார்.

அமெரிக்காவிலேயே இப்படி என்றால் அம்மாப்பேட்டையில்?

இங்கே கணக்கே இன்னும் சரியாக எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஆறு முதல் பதினொரு வயது வரையிலான 770 பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில் 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருந்ததாக வந்தது. இது ஒரு ஊர்க் கணக்கு, தமிழ்நாட்டுக்கே பொருத்திவிடக் கூடாது. இந்தியாவில் ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதிலும் ஏ.டி.எச்.டி.யை ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும்தான் தேடினார்கள். அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது, சின்ன வயதில் உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஆனால் விளைவு என்ன? ஆறு வயதுக்குள் இருப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

காகிதத்தில் பார்த்தால் நாம் ஒன்றும் மோசமில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடச் சொல்கிறது, அந்தப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். 2023 நவம்பரில் மத்திய அரசு, மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியிலேயே அடையாளம் கண்டு அனுப்புவதற்கென்று ஒரு தனி நெறிமுறை வெளியிட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆக ஒரு திட்டம் தேடு என்கிறது, ஒரு சட்டம் பெயரே தெரியாது என்கிறது. சரி, தேடிக் கண்டுபிடித்து "தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம்?

வாரம் ஒரு நாள் வீதம் பத்து வாரம் வரச்சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் பஸ் செலவு பூஜ்யம் என்று எழுதிவிடலாம். ஆனால் ஒரு நாள் போச்சு. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் பத்து நாளுக்கு 3,190 ரூபாய். இது கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் செலவாக எழுதப்படாத செலவு. பொருளாதாரத்தில் இதை வாய்ப்புச் செலவு என்று ஒரு பக்கத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த அம்மாவுக்கு அது ஒரு மாத மளிகை. இலவசச் சிகிச்சை என்று பலகை வைத்திருக்கிற இடத்துக்கு ஏன் ஜனங்கள் மூன்றாவது வாரம் வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? நடவு நேரத்தில் கூப்பிட்டால் முதல் வாரமே வரமாட்டார்கள்.

ஆகவே பயிற்சிதான் ஊருக்கு வர வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் 1950களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் உண்டு. அங்கே அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உட்கார்ந்து பேசிப் பழகும் குழுப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு வெறும் சொற்பொழிவு என்று பத்து வாரம் நடத்தினார்கள். 1999இல் முடிவு வெளியானது. பேசிப் பழகியவர்கள்தான் மாறினார்கள், பிரசங்கம் கேட்டவர்கள் அல்ல. 2016இல் வெளியான இன்னொரு ஆய்வு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களில் நடந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, பழக்கப்படுத்தப்பட்ட சாதாரண ஊழியர்கள். அங்கேயும் பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும் விதம் மாறியது. உலக சுகாதார நிறுவனம் இதையெல்லாம் வைத்து, ஒன்பது குழு வகுப்பு, மூன்று வீட்டு வருகை என்று ஒரு திட்டத்தையே தயாரித்து வைத்திருக்கிறது. சேர்வதற்கு நோய்ப் பெயர் எழுதிய சீட்டு தேவையில்லை என்பது அதில் பெரிய வசதி. "எம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று எந்த அம்மாவும் கேட்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் மைக் கொடுத்தாக வேண்டும். மேலே சொன்ன சோனுகா-பார்க் குழுவினரே 2001இல் மூன்று வயதுப் பிள்ளைகள் 78 பேரிடம் வீட்டுக்கே போய் நடத்திய பயிற்சி நல்ல பலன் தந்தது. அதே பயிற்சியைச் சாதாரணச் சுகாதார ஊழியர்கள் தங்கள் மற்ற வேலைகளோடு சேர்த்து நடத்தியபோது, 2004இல் வந்த முடிவு சப்பென்று போய்விட்டது, பலனில்லை. 2013இல் அவர்கள் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெற்றோரே மார்க் போட்டால் பிள்ளையின் கவனமும் துறுதுறுப்பும் நன்றாக மாறியதாக வருகிறது, விவரம் தெரியாத மூன்றாம் ஆள் பார்த்து மார்க் போட்டால் அந்த மாற்றம் கரைந்துவிடுகிறது என்றார்கள். அடுத்த வருஷம் வந்த இன்னொரு தொகுப்பில், வளர்க்கும் விதம் மேம்பட்டதும் பிள்ளையின் முரட்டுத்தனம் குறைந்ததும் மூன்றாம் ஆள் கண்ணுக்கும் தெரிந்தது. சொந்தச் சரக்கையே இப்படி எடை போட்டுப் பார்த்து, குறைந்தால் குறைகிறது என்று எழுதும் நேர்மைக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும்.

ஆகப் பயிற்சி ஏ.டி.எச்.டி.யைக் குணமாக்கும் என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள். அது வீட்டில் சண்டையைக் குறைக்கும், அடியைக் குறைக்கும், பிள்ளை சொன்னதற்கு நிற்கும் வாய்ப்பைக் கூட்டும். அது போதாதா? டெல்டாவில் ஒரு அம்மாவுக்கு வேண்டியது பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவது அல்ல, கரையில் நிற்பது.

2004ஆம் ஆண்டு முடிவைத்தான் பயத்தோடு படிக்க வேண்டும், ஏனென்றால் அது நம் பால்வாடி டீச்சரின் கதை. எடை போடுவது அவர், சத்துமாவு கொடுப்பது அவர், செல்போனில் பதிவேற்றுவது அவர், ஓட்டர் லிஸ்ட் வேலை என்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். 1975இல் தொடங்கிய திட்டத்தின் தலையில் ஐம்பது வருஷமாக மூட்டை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், ஒன்றையும் இறக்கியதாகத் தெரியவில்லை. அதன்மேல் "இனிமேல் பெற்றோர் பயிற்சியும் நீங்களே" என்று ஒரு சர்க்குலர் அனுப்பினால் சவுத்தாம்ப்டனில் நடந்ததுதான் சாலியமங்கலத்திலும் நடக்கும். பத்துப் பதினைந்து பால்வாடிக்கு ஒருவர் என்று தனி ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், மாதம் ஒரு முறை மெடிக்கல் காலேஜிலிருந்து ஒரு உளவியலாளர் வந்து அவர் நடத்துவதைப் பார்த்துத் திருத்த வேண்டும். பால்வாடி டீச்சரின் வேலை, பிள்ளையைக் கவனித்து "இந்தப் பிள்ளையோட அம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்வது மட்டும். இந்தச் செலவைக் கேட்காமல் திட்டத்தை மட்டும் கேட்பது ஏமாற்று.

இன்னொன்று. பெற்றோர் பயிற்சி என்ற பெயரே டெல்டாவுக்குப் பாதிதான் பொருந்தும். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அப்பாக்கள் இருக்கிற வீடுகளில் பகல் ஆட்சி அப்பாயியுடையது, இல்லாவிட்டால் அம்மாச்சியுடையது. அம்மா வகுப்புக்குப் போய் "இனிமே அழுதா கண்டுக்கக்கூடாது" என்று கற்றுவந்து சொன்னால், "பச்சப் புள்ளைய அழவிட்டுட்டு அப்படி என்னடி படிப்பு?" என்று ஒரே வார்த்தையில் பாடத்திட்டம் காலி. சீனி மிட்டாயோ செல்போனோ கையில் போய்விடும். அப்பாயியை ஒதுக்கிவிட்டு நடத்தும் பயிற்சி எதுவும் இங்கே ஒரு வாரம் தாங்காது. அவரை முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டும். கதை சொல்லி, கமெண்டரி பேசி, பிள்ளையை மடியில் நிறுத்திவைக்கும் வித்தை அவருக்கு ஏற்கெனவே கைவந்தது. கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வெளியூர் அப்பாவும் தப்பக்கூடாது. ராத்திரி வீடியோ காலில் "இன்னிக்கு அம்மாவை என்ன பாடு படுத்தினே?" என்று ஆரம்பிக்கும் அப்பா, "இன்னிக்குக் கூப்பிட்ட உடனே வந்தியாமே!" என்று ஆரம்பிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்புகூடத் தேவையில்லை, ஒரு போன் போதும்.

காலண்டரும் நம் காலண்டராக இருக்கட்டும். குறுவை நடவு ஜூன், ஜூலை. சம்பா நடவு செப்டம்பர், அக்டோபர். பொங்கலை ஒட்டி அறுப்பு. இந்த மாதங்களில் வகுப்பு வைத்தால் காலி நாற்காலிக்குத்தான் பாடம் நடத்த வேண்டும். சம்பா அறுப்பு முடிந்து, வயலில் உளுந்து கிடக்கும் மார்ச்சில் ஆரம்பித்தால் ஒன்பது வகுப்பும் மே மாதத்துக்குள் முடிந்துவிடும். பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மதியம் இரண்டு மணிக்கு, அதே பாயில். மூன்று வீட்டு வருகையில் கடைசி ஒன்றை மட்டும் ஜூன் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். அப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும். அம்மா, அப்பாயி, பையன் மூன்று பேரையும் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், பையனை ஓடவிட்டு, அம்மாவை ஒரே ஒரு முறை "நில்லு" என்று சொல்லச் சொல்ல வேண்டும்.